நூற்று எண்பது இடது கைகள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தையல் வரிசையின் நடுவிலிருந்து கைக்காரி எழுந்து, நான் துணி வெட்டும் மேசைக்கு வந்தாள். பதினொரு வருடமாகச் சட்டைகளுக்குக் கை வைத்துத் தைப்பது மட்டுமே அவள் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். வேறு யாராவது எழுந்திருந்தால் பாத்ரூமுக்குப் போகிறார்கள் என்று இருந்திருப்பேன். இவள் சாப்பாட்டு மணி அடித்தாலும் கையிலிருக்கும் துண்டை முடித்துவிட்டுத்தான் எழுவாள்.

"அக்கா, இந்த வலது கையைக் கொஞ்சம் பாருங்க. எப்படி வெச்சாலும் பின்னாடி இழுக்குது."

வாங்கிப் பார்த்தேன். அது வலது கையே இல்லை.

"இது இடது கை. கட்டு மாறிப் போச்சு. வலது கட்டைக் கொண்டா."

"அதுதாங்க்கா வலது கட்டு."

சட்டையின் கை பார்வைக்குக் குழாய் மாதிரி இருந்தாலும் அதற்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. தோளில் சேரும் வளைவு முன்பக்கம் குழிந்திருக்கும், பின்பக்கம் புடைத்திருக்கும். மாற்றி வைத்துத் தைத்தால் போட்டவர் கையைத் தூக்கும்போது முதுகில் பிடிக்கும். எங்களுக்கு வந்திருந்த ஆர்டர் ஆஸ்பத்திரித் துப்புரவுப் பணியாளர்களுக்கு முழுக்கை மேலங்கி, எல்லாம் ஒரே அளவு, மொத்தம் தொண்ணூறு. இரண்டு கட்டையும் அவிழ்த்து மேசையில் பரப்பினேன். நூற்று எண்பதும் இடது கை.

எப்படி நடந்தது என்று புரிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. வழக்கமாகத் துணியின் நல்ல பக்கங்கள் முகத்தோடு முகம் சேரும்படி விரிப்போம். ஒரு அளவு அட்டையை வைத்து வரைந்து வெட்டினால் இடதும் வலதும் ஜோடியாக விழும். இந்தத் துணியில் தண்ணீர் ஒட்டாத பூச்சு ஒரு பக்கம் மட்டும். முகத்தோடு முகம் வைத்தால் வழுக்கிக்கொண்டு நகர்ந்துவிடும். அதனால் எல்லா அடுக்கையும் ஒரே பக்கம் பார்க்க விரித்து, அட்டையை ஒருமுறை நேராகவும் ஒருமுறை திருப்பிப் போட்டும் வரைய வேண்டும். முன்பாகங்களை அப்படித்தான் வரைந்தேன். கை அட்டையில் மட்டும் 'முழுக்கை' என்று மார்க்கர் பேனாவால் அழகாக எழுதி வைத்திருந்தேன். எழுத்து மேலே தெரியும்படியே இரண்டு முறையும் வைத்து வரைந்திருக்கிறேன். பூச்சு ஒரு பக்கம்தான் என்பதால் வெட்டிய கையை உள்புறம் வெளியாகத் திருப்பவும் வழியில்லை.

நூற்று எண்பது கை எதிரில் கிடந்தும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

முதலாளியம்மா கத்துகிறவர் இல்லை. கத்தியிருந்தால் தேவலை. ஒரு கையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மில்லுக்குப் போன் போட்டார். அந்த நிறத்தில் அந்தத் துணி இனி அடுத்த மாதம்தான் வருமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி வண்டி வந்து நிற்கும்.

"சாப்பிட்டுட்டு வா. ரெண்டு மணிக்குப் பேசலாம்" என்றார்.

பழைய கட்டிங் மாஸ்டர் வேறு கம்பெனிக்குப் போன பிறகு அந்த மேசை என் கைக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அதற்கு முன் பதினேழு வருடம் இரட்டை ஊசி மெஷினில் குனிந்த தலை நிமிராமல் ஓட்டினேன். மேசையை எனக்குக் கொடுங்கள் என்று நானாகத்தான் போய்க் கேட்டேன். வாழ்க்கையில் நானாக வாய் திறந்து கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். ரெண்டு மணிக்குப் பேச்சு எதைப் பற்றி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

வீடு பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடமும் என்னை நானே கிழி கிழியென்று கிழித்தேன். மரமண்டை, தண்டம், ஆசைப்பட்டதற்கு நல்லா வேணும். எனக்கு இதில் நீண்ட பயிற்சி உண்டு. பிறர் திட்டினால் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பேன். என்னை நானே திட்டும்போது எதிர்த்துப் பேச ஆளில்லாததால் இஷ்டத்துக்குப் போகும். வீட்டு வாசலை அடைவதற்குள் முடிவும் செய்துவிட்டேன். அவர் கேட்பதற்கு முன் மேசை வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவது. மானமாவது மிஞ்சும்.

வீட்டில் என் நாத்தனார் மட்டும்தான் இருந்தாள். பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டும் வேலை அவளுக்குத் தயாராகக் காத்திருக்கிறது. லைசென்ஸ்தான் வர மாட்டேன் என்கிறது. மூன்று முறை தேர்வுக்குப் போனாள். முதல் முறை மேட்டில் வண்டி நின்றுவிட்டது. இரண்டாவது முறை பின்னால் எடுக்கும்போது கோட்டைத் தாண்டினாள். மூன்றாவது முறை கம்பத்தையே இடித்துச் சாய்த்துவிட்டு வந்தாள். நாலாவது தடவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஒரு அட்டையைத் திருப்பிப் போடத் தெரியல. என்னை மாதிரி மண்டுக்கெல்லாம் எதுக்கு மேசை? பதினேழு வருஷம் உக்காந்த இடத்துலயே உக்காந்திருந்தா இந்த அசிங்கம் உண்டா? வயசாச்சே தவிர புத்தி வரல. எத்தனை தடவை பட்டாலும் திருந்தாத ஜென்மம்."

அவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. எனக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம சொல்லுங்க. நான் கம்பத்தை இடிச்சுட்டு வந்தப்ப என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"கம்பத்தைத் தப்பான இடத்துல நட்டிருக்காங்கன்னு சொன்னீங்க. சிரிக்க வெச்சீங்க. அடுத்த தடவை பாத்துக்கலாம், ரிவர்ஸ் எடுக்கறது யாருக்கும் சட்டுனு வராதுன்னீங்க. அதை நம்பித்தான் நாலாவது தடவைக்குப் பணம் கட்டினேன். ஒரே ஒரு தப்புக்கு நீங்க திருந்தாத ஜென்மம்னா, மூணு தடவை தோத்த என்னை மனசுக்குள்ள என்னன்னு நினைச்சுட்டிருந்தீங்க?"

"சீ, நான் ஏன்டி உன்னை அப்படி நினைக்கறேன்?"

"அதான் கேக்கறேன். எங்கிட்ட சொன்னது பொய்யா, இல்ல இப்ப பேசறது பொய்யா?"

சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவள் கேள்வி நியாயமானது. உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். அவள் தோற்று வந்த மூன்று நாளும் என் மனதில் என்ன ஓடியது? மண்டு என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. வேன் பெரிசு, கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் எடுப்பது கஷ்டம், பாவம், பழகினால் வந்துவிடும். அவ்வளவுதான் தோன்றியது. அதில் துளிகூட நடிப்பு இல்லை.

ஒரு பக்கத் துணியை நான் விரித்ததும் இதுதான் முதல் தடவை. அதுவும் கஷ்டமான வேலைதான். பாவம், பழகினால் வந்துவிடும் என்று என்னைப் பற்றி நான் ஒரு நாளும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லிப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. நாற்பத்தாறு வயதில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். நாத்தனார் என் தட்டில் சோற்றை வைத்தாள்.

தப்பு தப்பாகவேதான் இருந்தது. நான் அழுததால் ஒரு இடது கைகூட வலது கையாக மாறிவிடவில்லை. ஆனால் பதினொரு மணியிலிருந்து நான் என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தக் கைகளை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்பது அந்தச் சோற்றைப் பிசையும்போதுதான் உறைத்தது. பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தேன்.

ரெண்டு மணிக்கு முதலாளியம்மா அறைக்குள் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே பேசினேன்.

"தொண்ணூறு இடது கை சரியாத்தான் இருக்கு மேடம். மீதி தொண்ணூறைத் திருத்த முடியுமான்னு பாக்கறேன். நாளைக் காலைல ஒரு அங்கி தைச்சுக் காட்டறேன்."

"இன்னைக்கு அஞ்சு மணி" என்றார்.

மேசையில் ஒரு கையை விரித்தேன். அட்டையைத் திருப்பி, எழுத்து அடியில் போகும்படி வைத்து, அரை அங்குலம் இறக்கி வளைவை வரைந்து வெட்டினேன். பழைய குழிவு ஒரு ஓரத்தில் மிச்சமிருந்து, எலி கடித்தது போலத் துணி இல்லாமல் நின்றது. உடனே மண்டைக்குள் பழைய குரல் கிளம்பிவிட்டது. பாத்தியா, நீயும் உன் யோசனையும்.

"சரி சரி. முதல் தடவைதானே. இன்னொண்ணு எடு" என்றேன், வாய்விட்டு.

கைக்காரி தலையைத் தூக்கினாள். "யார்கிட்ட பேசறீங்க?"

"எங்கிட்டதான்."

"கொஞ்சம் மரியாதையா பேசுங்க. மாஸ்டராச்சே."

இரண்டாவது கையில் ஒன்றேகால் அங்குலம் இறக்கினேன். வளைவு முழுசாக வந்தது. ஆனால் அக்குள் பக்கம் அகலம் போதவில்லை. தையலுக்கு விடும் அரை அங்குலத்தைக் கால் அங்குலமாகக் குறைத்துத் தைத்தால் சரிக்கட்டலாம் என்று கைக்காரிதான் சொன்னாள். அவள் சொன்னபடி மூன்றாவதைத் தைத்தோம். தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. இனி பாக்கி நீளம். ஒன்றேகால் அங்குலம் குட்டை. மணிக்கட்டுப் பட்டியை எப்போதும் கடைசியில்தான் வெட்டுவோம் என்பது என் நல்ல காலம். ஓரத்தில் மிஞ்சிய துணியில் அகலமான பட்டியாக வெட்டினேன். இரண்டு கையும் ஒரே மாதிரி இருக்க, சரியாக இருந்த இடது கையையும் அதே அளவு குறைக்க வேண்டியிருந்தது. நல்ல கையை வெட்டும்போது மட்டும் மனசு கேட்கவில்லை. வெட்டினேன்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முதலாளியம்மாவே அந்த அங்கியைப் போட்டுக்கொண்டார். ஒட்டடை அடிப்பதுபோல இரண்டு கையையும் தூக்கினார். குனிந்து தரையைத் துடைத்துப் பார்த்தார். எங்கும் பிடிக்கவில்லை.

"பட்டி பட்டையா இருக்கே."

"அழகுக்கு வைக்கல மேடம். தப்பைச் சரிக்கட்டத்தான் வெச்சிருக்கேன். ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட அப்படியே சொல்லிக் காட்டிருங்க. வேண்டாம்னா வேற யோசிப்போம்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சரி என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு மூன்று நாள் நான் சொல்லும்படி ஒன்றும் இல்லை, வேலைதான். முப்பது முப்பதாக அடுக்கி வெட்டினேன். வெட்டு மெஷினைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு அடுக்கையும் கைக்காரியிடம் காட்டினேன். வியாழக்கிழமை ஒரு அடுக்கு கால் அங்குலம் சரிந்து ஏழு கை மறுபடி திருத்தும்படி ஆனது. மரமண்டை என்று நாக்கு நுனி வரை வந்தது. ஏழுதானே என்று உட்கார்ந்து கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். முன்பெல்லாம் என்னைத் திட்டி முடிக்கவே அந்த நேரம் போதாது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தொண்ணூறு அங்கியும் வண்டி ஏறின. வண்டி தெருமுனை திரும்பியதும் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார்.

"நல்லா சமாளிச்சே. நான் இல்லேங்கல. ஆனா திங்கட்கிழமை வர்றதும் இதே மாதிரி ஒரு பக்கத் துணிதான், இருநூறு உருப்படி. வெளியில ஒரு மாஸ்டரைக் கூப்பிட்டு வெட்டிக்கறேன். நீ ஒரு மாசம் மெஷின்ல உக்காரு. கோபத்துல சொல்லல. உனக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும்."

அன்பாகத்தான் சொன்னார். என் பழைய மெஷின் ஜன்னல் ஓரம், தலைக்கு மேலேயே மின்விசிறி. அங்கே உட்கார்ந்தால் யாரும் என்னை ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பேன்.

"வேண்டாம் மேடம். அந்தத் துணியை நானே விரிக்கறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மேசைக்கு வந்து எனக்கு அஞ்சு வாரம்தான் ஆச்சு. இன்னும் கத்துக்கிட்டுத்தான் இருக்கேன். புதுசா ஒருத்தி வந்து தப்புப் பண்ணா, சொல்லிக் குடுத்துட்டு மறுபடி அதே வேலையில விடுவீங்க. பதினேழு வருஷமா பாத்திருக்கேன். எனக்கும் அதையே செய்ங்க. நானே எனக்கு இப்பத்தான் அப்படிச் செய்ய ஆரம்பிச்சிருக்கேன்."

அவர் முகத்திலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் மேசையின் மேல் இருந்த காகிதங்களை அடுக்கினார்.

"இருநூறும் தப்பாச்சுன்னா?"

"முன்னாடியே காட்டுவேன். அதையும் மீறி ஆச்சுன்னா, நானே வந்து சொல்லுவேன். மேசையை விட்டுட்டு மட்டும் போக மாட்டேன்."

"துணி எட்டு மணிக்கு வருது" என்றார். "லேட் பண்ணிடாதே."

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்குப் போய் மேசையைத் துடைத்தேன். துணிச்சுருள் வந்ததும் முதல் அடுக்கை விரித்து, கை அட்டையை ஒருமுறை நேராக வைத்து வரைந்தேன், திருப்பி வைத்து வரைந்தேன். நானே சரிபார்த்த பிறகும் கைக்காரியைக் கூப்பிட்டேன். அவள் சரி என்றாள். வெட்டு மெஷினைப் பிடித்தேன். சுவிட்சைப் போட்டேன்.