வரிசையில் முதல் ஆள்

வரிசையில் முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனபோது நிர்மலாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சீருடைக்காரர் ஒருவர் ஸ்கேன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து கன்னடத்தில் கடகடவென்று ஏதோ சொன்னார். ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள். அவள் விடுவாளா? நகர்ந்து நகர்ந்து ஜன்னலுக்கு நேர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். சாப்பாட்டுக்குப் போகிறார்கள் போல, போகட்டும். ஊர் ஆஸ்பத்திரியும் ரேஷன் கடை மாதிரிதான், இடத்தை விட்டவன் கெட்டான். மைசூரில் மட்டும் வேறு மாதிரியா இருக்கப்போகிறது?

இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. கணவன் கணேசன் கொத்தனார், அவள் சித்தாள். கட்டட வேலையில் கூட இருப்பவர்கள் எல்லாம் சேலம், தர்மபுரி ஆட்கள். கன்னடம் பேச வேண்டிய வேலையே வரவில்லை. மகளைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சேலம் பக்கத்துக் கொளத்தூரில் பஸ் ஏறி, பாலாற்று எல்லையைத் தாண்டி வந்த அப்பா சென்னப்பன், வந்த வாரமே வயிறு வீங்கிப் படுத்துவிட்டார். ஊரில் கொடுத்த காப்பீட்டு அட்டையை ஆஸ்பத்திரியில் நீட்டினால், இது இங்கே எடுக்காது என்றார்கள். ஒரு சீட்டுக்கு ஒரு கட்டடம், அதில் முத்திரை வாங்க இன்னொரு கட்டடம். பலகை எல்லாம் கன்னடத்தில். யாரைக் கேட்டாலும் கையை நீட்டுவார்கள். அந்தக் கை காட்டும் பக்கம் நாலு கதவு இருக்கும். அவள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

நேற்றே முடிந்திருக்க வேண்டிய ஸ்கேன் இது. வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியும், அவள் முத்திரைக்குப் போன நேரம் பார்த்து மனுஷன் பக்கத்துப் படுக்கையில் டீ வாங்கிக் குடித்துவிட்டார். நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று வாழ்ந்தவர். அம்மா சொல்லியோ வைத்தியர் சொல்லியோ எதையும் கேட்டதில்லை. இன்று காலை அவளுக்குப் பொறுமை போய்விட்டது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

“நா வந்து சொல்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி வாயில படக்கூடாது. பட்டுச்சுன்னா உங்கள இப்படியே விட்டுட்டு ஊருக்கு பஸ் ஏறிருவேன், பாத்துக்கங்க.”

“சரி அம்மிணி,” என்றார் அவர். “நாக்கு வறளுது. வெரசா வந்துரு.”

அவள் நம்பவில்லை. அவர் தலைமாட்டில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பாட்டிலைத்தான் இப்போது திறந்து இரண்டு மடக்குக் குடித்தாள். ஜன்னல் திறக்கிற வழியைக் காணோம். எழுந்தாள், உட்கார்ந்தாள், கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள். வார்டுக்கு ஓடி ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமா? அதற்குள் கூப்பிட்டுவிட்டால்? நாற்காலியில் சீட்டை வைத்துவிட்டுப் போனால் எவனாவது எடுத்துவிட்டால்? மனுஷன் மட்டும் மறுபடி டீ குடித்திருக்கட்டும், இன்றைக்குச் சண்டைதான் என்று பல்லைக் கடித்தாள்.

கூட்டிப் பெருக்க வந்த பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. சாத்திய ஜன்னலுக்கு முன்னால் இவள் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெஷின் அப்பவே நின்னுபோச்சு, நாளைக்கு வாங்கன்னு எல்லாரையும் அனுப்பிட்டாங்களே, உனக்கு யாரும் சொல்லலியா என்று கேட்டாள்.

நிர்மலாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, அப்பாடா, அந்த மனுஷனுக்கு ஒரு வாய் தண்ணீராவது கொடுக்கலாம் என்று தோன்றியதும் எழுந்து ஓடினாள்.

அப்பாவின் படுக்கையைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்திருந்தார்கள். டாக்டர் வெளியே வந்து அவளைப் பார்த்து நின்றார். கன்னடத்தில் ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு, “ஹார்ட்” என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

பக்கத்துப் படுக்கையில் மகனைக் கவனித்துக்கொண்டிருந்த நஞ்சம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மைசூருக்குப் பக்கத்து நஞ்சன்கூட்டுக்காரி. ஆளுக்குப் பாதி மொழியில் பேசி இருவரும் பழகியிருந்தார்கள். ஸ்கேன் இல்லை என்று ஆனதும், தண்ணீர் கொடுக்கலாம் என்று டாக்டரே வந்து சொல்லியிருக்கிறார். நர்ஸ் டம்ளரை நீட்டியிருக்கிறாள். நஞ்சம்மாவும் எடுத்துக்கொண்டு போய்க் கெஞ்சியிருக்கிறாள். அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டாராம்.

“மகளு பர்லி, மகளு ஹேள்லி. அஷ்டே,” என்றாள் நஞ்சம்மா. மகள் வரட்டும், மகள் சொல்லட்டும் என்றாராம். அவ்வளவுதான்.

பிறந்ததிலிருந்து ஒருவர் பேச்சையும் கேட்காத மனுஷன். இன்றைக்கென்று பார்த்தா கேட்க வேண்டும்? அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல நிர்மலாவுக்கு ஆத்திரமாக வந்தது. தண்ணி குடுக்காததாலயா, தண்ணி குடுக்காததாலயா என்று டாக்டரின் பின்னாலேயே போய்க் கேட்டாள். இல்லை, இல்லை என்று அவர் தலையசைத்தார். அவள் கேட்டது அவருக்குப் புரிந்ததா என்பது தெரியவில்லை.

சாயங்காலம் கணேசன் வேலைத்தளத்து ஆட்களோடு வந்தான். கொளத்தூருக்கு வண்டி பேசியாகிவிட்டது. வெளியூரில் செத்த உடம்பை வீட்டுக்குள் ஏற்றும் வழக்கம் இல்லை, வண்டி நேரே சுடுகாட்டுக்குத்தான் போகும். அதனால் பாலை இங்கேயே ஊற்றிவிடலாம் என்றார்கள். மேஸ்திரி அய்யாசாமி ஒரு பாக்கெட் பால் வாங்கி வந்து டம்ளரில் ஊற்றினார்.

“பெத்த புள்ள மொதல்ல ஊத்தட்டும்,” என்றார்.

நிர்மலா டம்ளரை வாங்கித் தரையில் வைத்தாள். பையைத் திறந்து அந்தப் பாட்டிலை எடுத்தாள். பால்தானே முறை என்று மேஸ்திரி சொல்ல வந்தார். கணேசன் அவர் தோளைத் தொட்டான். அவள் அப்பாவின் காதருகே குனிந்தாள்.

“நா வந்துட்டேன். குடிங்கப்பா. இப்பக் குடிக்கலாம்.”

தண்ணீர் கடைவாயில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். வண்டிக்காரர் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டிலில் இன்னும் பாதி இருந்தது.