தாய்மாமன் படமும் வீடியோ டிரைவரும்

கீரமங்கலத்தில் சிவரஞ்சனி நடத்தும் பிளெக்ஸ் கடையில், கம்ப்யூட்டர் அன்று நான்கு முறை திரை கறுத்து அணைந்தது. நான்கு முறையும் காதுகுத்து பேனரில் தாய்மாமன் மலையாண்டியின் படத்தைப் பெரிதாக்கியபோதுதான்.

"மாமா இல்லாமயே அடிச்சிரவா?" என்றாள். மலையாண்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"அடிங்க. நாளைக்குப் புள்ளைய யாரு மடியில வச்சுக் குத்துறீங்கன்னு நானும் பாக்குறேன்" என்றார்.

சென்னையில் கம்ப்யூட்டர் கோளாறு பார்க்கும் நைட் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு ஊரில் சும்மா இருந்த என்னை அழைத்தார்கள். பேனரில் இருந்த பிள்ளையாரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவருக்கும் அதே கதிதான்.

"புள்ளையாரும் நானும் ஒண்ணுன்னு சொல்லுங்க" என்றார் மலையாண்டி.

அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில், திரையில் படம் காட்டும் மென்பொருளான வீடியோ டிரைவர் இல்லாமல், இருவருமே சிக்கலின்றிப் பெரிதானார்கள்.

"நேத்து எதையாச்சும் அப்டேட் பண்ணுனியா?" என்று சிவரஞ்சனியிடம் கேட்டேன்.

"வீடியோ டிரைவர்னு கேட்டுச்சு. ஓகேன்னு அமுக்குனேன்."

பழைய டிரைவருக்கே மாற்றினேன். மலையாண்டி ஆறடிக்கு விரிந்தார். கம்ப்யூட்டர் அணையவில்லை.

"அப்ப எம் மூஞ்சியில கோளாறு இல்லையே?"

"கம்ப்யூட்டரப் பொறுத்தவரைக்கும் இல்லைங்க மாமா" என்று சொல்லிவிட்டு சிவரஞ்சனி பிரிண்ட் கொடுத்தாள்.