அக்காவுக்கு ஒரு தனி வரி

இந்த இடத்தில் முற்றுப்புள்ளி. இதற்கு மேல் ஒரு சொல்லும் வரக்கூடாது. வந்தால் அக்கா மறுபடியும் கூட்டத்துக்குள் காணாமற்போய்விடுவாள்.

ஜெனிஸ்ரா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. உப்புக்குளத்து அச்சகத்தில், கைகளை மடியில் வைத்தபடி, கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு நினைவுமலர் அடிக்க வருகிறவர்களுக்கு, இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதிக்கொடுப்பது அவள் வேலை. பிறந்த ஊரில் தொடங்கும் முதல் வசனம் தாய் தகப்பன், மக்கள் மருமக்கள், பேரப்பிள்ளைகள், கனடா, பிரான்ஸ் என்று எல்லாரையும் அள்ளிக்கொண்டு அரைப்பக்கம் ஓடும். ஒரு பெயர் விடுபட்டாலும் சண்டை வரும். அதனால் அந்த வசனத்தில் அவள் கைவைப்பதில்லை. அது ஓடி முடிந்ததும், கீழே ஒரு குட்டி வசனத்தைத் தனியாக வைப்பாள்.

'கிணற்றடியில் பாடுவார்.' 'யாருக்கும் கதவு பூட்டமாட்டார்.'

அவ்வளவுதான். கடைசி ஆசீருக்கு முன் அதைக் கோயிலில் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். நீள வசனம் போகும்வரை நினைவுமலரால் விசிறிக்கொண்டிருக்கும் சனம், அந்தக் குட்டி வசனம் வந்ததும் விசிறுவதை நிறுத்தும். அந்த ஒரு கணத்துக்காகவே அவள் பல பூசைகளில் பின்வரிசை வாங்கில் போய் இருந்திருக்கிறாள்.

இன்றைக்குத் திரையில் இருந்தது அவளுடைய சொந்த அக்கா, றஞ்சிதா. கலியாணம் கட்டாத இருவரும் பள்ளிமுனை வீட்டில் ஒன்றாக இருந்தவர்கள். பள்ளிமுனையில் பிறந்தவரும், காலஞ்சென்ற மரியதாசன் அன்னப்பிள்ளை தம்பதியரின் மூத்த மகளும், ஜெனிஸ்ராவினதும் கனடாவில் வசிக்கும் சுபாசினதும் பாசமிகு சகோதரியும், டிலோஜினியின் மைத்துனியும், டிலுக்சன், றொஷேல் ஆகியோரின் அன்பு மாமியும், மண்டபம் அகதி முகாமில் தம்பி தங்கையைத் தாயாக நின்று காத்தவருமான றஞ்சிதா இறைபதம் அடைந்தார்.

அவருக்குக் கடல் பிடிக்காது.

உண்மைதான். கடல்தொழில் செய்தவரின் மகளுக்குக் கடல் பிடிக்காது. ஏனென்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கடல்பக்கத்து யன்னலைச் சாத்துவாள். காற்று வேண்டுமென்று ஜெனிஸ்ரா திறப்பாள். போகிற போக்கில் அக்கா மறுபடி சாத்துவாள். இப்போது, திறந்தால் திறந்தபடியே கிடக்கிறது.

"என்னக்கா, ஒரு வரிக்குத் தனிப் பந்தியோ?" அச்சக முதலாளி நவ்ஷாத் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான். "மேலையும் கீழையும் வெறும் கடுதாசியாக் கிடக்கு. ரெண்டு புறாவைப் பறக்க விடட்டோ?"

"உன்ர புறா எல்லாச் செத்தவீட்டிலயும் பறந்து களைச்சுப் போச்சு. விடு."

அவன் சிரித்துக்கொண்டு போனான். அவள் பக்கத்தைப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் சுபாஸ் அழைத்தான்.

"சின்னக்கா, எல்லாம் வடிவா இருக்கு. அந்தக் கடல் கதை மட்டும் என்னத்துக்கு?"

"அது அவவைப் பற்றினது."

"ஐயா கடலுக்குப் போய்த்தானே எங்களை வளர்த்தவர்? கோயில்ல வாசிக்கேக்க சனம் என்ன நினைக்கும்? 'கடலன்னையின் மடியில் வளர்ந்தவரும்' எண்டு மேல் வசனத்தோட சேர்த்துவிடுங்கோவன். ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கிற உங்களுக்கு அது பெரிய வேலையோ?"

பெரிய வேலையில்லை. கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கீழே இருந்த குட்டி வசனத்தை அழித்துவிட்டு, அவன் சொன்னதை மேலே தட்டிப் பார்த்தாள். நீள வசனம் ஒரு சலனமுமில்லாமல் அதையும் விழுங்கிக்கொண்டது. உதட்டுக்குள் வாசித்தாள். மகளும், சகோதரியும், மைத்துனியும், மாமியும், மடியில் வளர்ந்தவரும். நிற்க ஓர் இடமில்லை, விசிறிகள் ஆடிக்கொண்டேயிருக்கும். எல்லாச் சொல்லும் அக்காவை யாரோ ஒருவரிடம் ஒப்படைத்தது. அவளுக்கென்று இருந்தவை அந்த மூன்று சொற்கள்தான்.

"சேர்த்திட்டீங்களோ?"

"சேர்த்துப் பார்த்தன்."

"அப்ப சரிதானே."

அவள் திரையில் கீழே காலியான இடத்தில் விரலை வைத்தாள். அவன் குரல் மாறியது. "அந்த வரி வாறதெண்டால் என்ர பேரை எடுத்துவிடுங்கோ. பிறகு ஞாயிற்றுக்கிழமையில நான் கோல் எடுத்து என்னத்தைக் கதைக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், அவன் அழைப்புக்காக அக்காவும் அவளும் கைபேசியை நடுவில் வைத்துக் காத்திருப்பார்கள். போன மூன்று ஞாயிறும் அவள் மட்டும் காத்திருந்தாள். அந்த வீட்டில் இப்போது கேட்கிற ஒரே மனிதக் குரல் அது. அதுவும் இல்லாமற்போனால், கடல் இரைவது மட்டும்தான் மிஞ்சும்.

அவள் திரையைப் பார்த்தாள். கடலன்னையை எழுத்தெழுத்தாக அழித்தாள். கீழே இறங்கி, ஒரு வெற்று வரி விட்டு, பழைய மூன்று சொற்களையும் திரும்ப அடித்து, முற்றுப்புள்ளி வைத்தாள்.

"உன்ர பேர் அதே இடத்திலதான் இருக்கு, சுபாஸ்."

"அந்த வரி?"

"அதுவும் இருக்கு."

"அப்ப மாத்தமாட்டீங்கள்?"

"இல்லையடா" என்றாள் ஜெனிஸ்ரா.