முத்துமாரியம்மன் பெயரில் ஒரு ஃபைபர் இணைப்பு

இதில் நான் எழுதும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரம் ஏற்றி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். கை கொப்பளித்திருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் எங்கள் கொடகவெலத் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் வந்தால் காட்டுகிறேன். எண்பதை நெருங்குகிற வயதில் பொய் சொல்லி எனக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. உண்மை சொல்லியும் இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

விஜயகலா, வரிசையாக ஒட்டிய அறைகள் கொண்ட எங்கள் லயத்தில், எனக்கு அடுத்த காம்பராவில் இருக்கிற பிள்ளை. தாய் இலட்சுமி கொழுந்து எடுக்கிறவள். தகப்பன் இல்லை. இந்தப் பிள்ளை கம்ப்யூட்டரில் படம் வெட்டி ஒட்டும் வேலையை எப்படியோ படித்துக்கொண்டது. கொழும்பில் விளம்பரப் படம் எடுக்கும் கம்பனி ஒன்று, வீட்டில் இருந்தே வேலை செய்யலாம் என்று அவளை எடுத்தது. லெப்டொப்போடு ஒரு கறுப்புப் பெட்டியையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

பெட்டி அரை றாத்தல் பாண் ரொட்டி அளவு இருக்கும். டொக்கிங் ஸ்டேஷன் என்று பெயர். லயத்தில் அது ‘டொக்’ ஆகிவிட்டது. அதிலிருந்து ஒரே ஒரு வயரை லெப்டொப்பில் செருகினால் போதும். பெரிய திரை, கீபோர்ட், ஸ்பீக்கர், கரண்ட் எல்லாம் அந்த வயர் வழியே வந்துவிடும். அது எந்த டொக்கும் செய்கிற வேலைதான். இந்த டொக்குக்கு முதுகில் இன்னொரு ஓட்டை இருந்தது. ஃபைபர் கேபிளை நேராக அதில் செருகலாம். செருகினால் கொழும்பு ஆபீஸில் கிடக்கும் படமெல்லாம் நம் மடியில் கிடப்பது மாதிரி.

கம்பனி சொன்னது சுருக்கமான பேச்சு. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் ஒரு படத்தை முடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம். ஃபைபர் இல்லை, அது இல்லை, இது இல்லை என்றால் பெட்டியையும் லெப்டொப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். போவது எங்கே என்று விஜயகலாவுக்குத் தெரியும். தாயின் கூடைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து, இன்னொரு கூடை மாட்டுகிற அளவுக்குச் சுவரில் இடம் இருந்தது.

ஃபைபருக்கு எங்களிடம் பஞ்சம் இல்லை. தோட்டத்தை நடத்தும் துரையின் பழைய பங்களா ஹோட்டலாக மாறியபோது கேபிள் சுருளை மலைக்குத் தூக்கிப்போனதே எங்கள் ஆட்கள்தான். அது எங்கள் கூரைக்கு மேலே, எட்டினால் கைபடுகிற உயரத்தில் போகிறது. உள்ளே ஓடுகிற வேகத்தில் கேபிள் எந்நேரமும் இளஞ்சூடாக இருக்கும். லயத்துப் பெண்கள் அதில் துணி காயப்போட்டார்கள். இரத்தினபுரி மழையிலும் துணி காய்ந்தது. இஸ்திரி மடிப்பும் விழுந்தது.

ஆனால் அதிலிருந்து ஒரு கிளை இறக்கித் தரச் சொன்னபோது சிக்கல் வந்தது. கேபிள் கம்பனியில் வேலை பார்க்கும் ஜவ்பர், விஜயகலா அண்ணன் முறையில் நானா என்கிறவர், ஏணியோடு வந்து, ஃபோனை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“வீட்டு நம்பரச் சொல்லுங்க தங்கச்சி.”

“ஆறாம் லயம் நானா.”

“அது தோட்டத்து நம்பர். துரைட நம்பர். ஒங்கட நம்பர்?”

“எங்களுக்குன்னு நம்பர் இல்ல. லயம் தோட்டத்துதானே.”

“அப்ப சிஸ்டம் எடுக்காது. நான் என்ன செய்ற?”

எங்கள் தோட்டத்தில் முந்நூறு குடும்பத்துக்கும் முகவரி ஒன்றே ஒன்று, தோட்ட ஆபீஸ். யாருக்குக் கடிதம் வந்தாலும் அங்கே வந்து, பெரிய கிளாக்கர் மேசையில் நன்றாக ஆறி, பிறகு காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கோவில் தலைவர் மூக்கையாவுக்கு வந்த கல்யாண வாழ்த்து, அவர் பேத்தி பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று கிடைத்தது. விஜயகலாவுக்கு வந்த, ஆசிரியர் வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் அவ்வளவு தாமதமில்லை. பரீட்சை முடிந்த மறுநாளே கிடைத்துவிட்டது.

கிளாக்கர் இந்திரகுமாரிடம் போய், இன்ன இடத்தில் குடியிருக்கிறேன் என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“குடுக்கலாம் மகள். இன்னைக்கு நம்பர் கேப்பீங்க, நாளைக்குக் காணி உறுதி கேப்பீங்க. துரை என்னயத்தான் கூப்பிட்டு ஏசுவாரு.”

“நூறு வருசமா இருக்கிறோம் ஐயா.”

“இருங்களேன். இருக்க வேணாம்னு யாரு சொன்னது?”

அவள் வெறுங்கையோடு திரும்பி வந்ததும், ஏணியை மடக்கப் போன ஜவ்பர் மேலே பார்த்தார். “அந்தக் கோயிலுக்கு நம்பர் ஈக்கா?” என்றார்.

இருந்தது. கும்பாபிஷேகத்துக்கு லவுட்ஸ்பீக்கர் அனுமதி எடுக்கப் போனபோது, அதிகாரி மாத்தயா ஒருவர் வேறு யாருக்கோ வைத்திருந்த தகர நம்பரை எடுத்து எங்கள் கோவிலுக்குக் கொடுத்துவிட்டார். பதினாலின் கீழ் ஒன்று. வாசல் நிலையில் அடித்திருந்தோம். ஆக, எங்கள் மலையில் முகவரி உள்ள ஒரே ஆள் முத்துமாரியம்மன்தான்.

விண்ணப்பம் அம்மன் பெயரில் போனது. விவரம் சரிபார்க்கக் கேபிள் கம்பனியில் இருந்து ஒரு பெண் பிள்ளை ஃபோனில் கூப்பிட்டது. அது சிங்களத்தில் கேட்டது, மூக்கையாவும் சிங்களத்தில்தான் சொன்னார். நான் தமிழில் எழுதுகிறேன்.

“செல்வி முத்துமாரியோட பேசலாமா?”

“அவங்க பேச மாட்டாங்க.”

“ஏன், சுகமில்லையா?”

“நல்லா இருக்காங்க. நேத்துதான் எண்ணெய்க் காப்புப் போட்டோம்.”

“கல்யாணம் ஆனவங்களா?”

மூக்கையா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“அதுல ரெண்டு கருத்து இருக்குங்க.”

“வயசு?”

“இப்பதான் வர்ணம் பூசினோம். பாத்தாத் தெரியாது.”

இணைப்பு கிடைத்துவிட்டது. கோவில் வாகன அறையில், அம்மனின் மரச் சிங்கத்துக்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக டொக்கை வைத்து ஜவ்பர் கேபிளைச் செருகினார். வேகம் பார்க்க வேண்டும் என்று கொழும்பில் இருந்த தன் கூட்டாளியைத் திரையில் கூப்பிட்டார். அறையில் விபூதித் தூசி. ஜவ்பர் மூக்கைச் சுளித்தார். கூட்டாளி அங்கிருந்து, தும்மினவருக்குச் சொல்கிற “யர்ஹமுகல்லாஹ்”வைச் சொல்லி முடித்த பிறகுதான் இவருக்குத் தும்மல் வந்தது.

“லைன் நல்லம்,” என்றார் ஜவ்பர், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

விஜயகலா வேலையைத் தொடங்கினாள். செருப்பை வெளியே விட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போவாள்; வேலை இல்லாத நேரம் ஹெட்ஃபோனைச் சிங்கத்தின் முன்னங்காலில் மாட்டி வைப்பாள். ஒருநாள் நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். வெளிநாட்டுக்காரருக்கான தேயிலை விளம்பரம். மலை எங்கேயோ பார்த்த மலையாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால், எங்கள் மலை. ஹோட்டலில் தங்கியவர்கள் ட்ரோன் விட்டு எடுத்திருக்கிறார்கள். ஒரு மூலையில் இலட்சுமி கூட, புளியங்கொட்டை அளவில், கூடையோடு நின்றாள்.

“என்ன பிள்ள செய்யணும் இதுல?”

“மலை அழகா இருக்கணுமாம் தாத்தா. தகரக் கூரையெல்லாம் எடுத்துடச் சொன்னாங்க.”

எட்டாம் லயம் போனது. அது இருந்த இடத்தில் தேயிலை முளைத்தது. ஏழாம் லயம் போனது. பிறகு அவள் கை நின்றது.

“இப்ப நம்ம லயம்.”

“எடு பிள்ள. இருந்ததுதான் யாருக்குத் தெரியும்?”

எடுத்தாள். கேபிள்தான் அவ்வளவு வேகமானது ஆயிற்றே. அன்று பின்னேரம் எங்கள் கூரையில் இரண்டு தகரத்தைக் காணவில்லை. காற்று என்றார்கள். காற்று அடித்ததை நான் காணவில்லை.

கடைசி வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் மூக்கையா கோவில் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார். லயத்தில் எல்லோரும் ஒரே தண்ணீர்ப் பீலியில் குளிக்கிறவர்கள். பெண்களின் மூன்று நாள் சங்கதி மறைக்க முடிகிற சங்கதி இல்லை.

“இந்த மூணு நாளும் உள்ள வராத மகள்.”

“வெள்ளிக்கிழம படம் குடுக்கணும் தலைவரே. குடுக்காட்டி வேல போயிரும்.”

“வேல போனா வேற வேல. சாமி குத்தம் வந்தா வேற சாமிக்கு எங்க போறது?”

“மாசா மாசம் இப்பிடித்தானா?”

“அத நான் எப்பிடிம்மா சொல்றது?”

“கனெக்ஷன் அம்மன் பேருல. அவங்களும் பொம்பளதானே? அவங்க மட்டும் உள்ள இருக்கலாமா?”

மூக்கையா கோபப்படவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். சாந்தமாகத்தான் சொன்னார்.

“அவங்களுக்கு வீடு இருக்கு மகள். இருப்பாங்க.”

துரை லயத்தில் செய்கிற வேலையை மூக்கையா கோவிலில் செய்தார். துரைக்கு அதற்குச் சம்பளம் உண்டு. இவர் சும்மாவே செய்தார்.

கோவிலைச் சுற்றி மழைத் தண்ணீர் வடியும் கான் ஒன்று ஓடுகிறது. அதற்குக் கோவில் பக்கம் கால் வைக்கக் கூடாது, அந்தப் பக்கம் எங்கேயும் இருக்கலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. விஜயகலா கானுக்கு அப்பால் உரப் பையை விரித்து, மேலே மழைக்குப் படங்குச் சீலையைக் கட்டி, மடியில் லெப்டொப்போடு உட்கார்ந்தாள். நான் உள்ளே போய் டொக்கை ஜன்னல் விளிம்பில் வைத்து, அதன் வயரைக் கம்பி வழியே நீட்டினேன். ஒரு சாண் எட்டவில்லை.

“டொக்கையே வெளிய எடுத்து வெச்சா என்ன நானா?” என்று ஜவ்பரிடம் ஃபோனில் கேட்டாள்.

“அட்ரஸ்ஸுக்கு வெளிய போனா லைன் கட் தங்கச்சி. நீள வயர் ஒண்டு கொழும்புல இருந்து தபால்ல எடுங்க.”

தபால் தோட்ட ஆபீஸுக்கு வரும். கிளாக்கர் மேசையில் ஆறும். விஜயகலாவின் பேத்தி அந்த வயரில் வேலை செய்யலாம். அவள் கானையே பார்த்துக்கொண்டு இருந்தாள். இலட்சுமி வந்து பக்கத்தில் குந்தினாள்.

“விடு மகள். கங்காணிகிட்ட சொல்லி வெக்கிறேன். நாளையில இருந்து என்கூட மலைக்கு வா.”

“வர மாட்டேன்.”

“வராம?”

“வர மாட்டேம்மா.”

அன்று இரவெல்லாம் மழை. விடிந்து போய்ப் பார்த்தால் கோவில் ஒரு சாண் கீழே நகர்ந்திருந்தது.

கான் இருந்த இடத்தில் இருந்தது. கோவில் மட்டும் நகர்ந்திருந்தது. விளக்குக்கூட அணையவில்லை. எங்கள் பக்கத்தில் மலை நகர்வது புதினமில்லை; நகர்ந்தால் லயத்தை வாரிக்கொண்டு போகும், பங்களாவைத் தொடாது. முதல் தடவையாக எங்களுக்கு உதவியாக நகர்ந்தது, அதுவும் கேட்ட அளவுக்கு. மூக்கையா கயிறு கொண்டுவந்து இரண்டு தரம் அளந்து பார்த்தார்.

“இருளப்பண்ணே, இது யாரு செஞ்ச வேல?”

“முகவரிக்காரங்களக் கேளுங்க,” என்றேன்.

அவர் கேட்கவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார். கமிட்டியின் தீர்மானம் தீர்மானமாகவே இருந்தது. கோவில்தான் இறங்கி வந்தது.

விஜயகலா வயரைச் செருகினாள். மூன்று நாளும் மழைக்குள், படங்குக்குக் கீழே இருந்தாள். காலில் அட்டை ஏறி ஏறி, இரத்தம் கானில் ஓடியது; அதை மட்டும் கமிட்டி குற்றம் என்று சொல்லவில்லை. கேபிளில் வாய் வைத்த அட்டை ஒன்று கொழும்பு ஆபீஸில் போய் விழுந்ததாக ஜவ்பர் சொன்னார். நான் நேரில் பார்க்கவில்லை, ஆகவே அதை இதில் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் படம் போய்ச் சேர்ந்தது. கம்பனிக்காரர்களுக்கு வெகு சந்தோஷம். “மனுசர் குடியிருந்த அடையாளமே தெரியல, அவ்வளவு அழகு,” என்று பாராட்டினார்களாம். விஜயகலா அதைத் தாயிடம் அப்படியே சொன்னாள். இலட்சுமி, “நல்லதுதான்,” என்றாள்.

வேலை நிரந்தரமான கடிதத்தோடு தபால்காரர் ஆபீஸைத் தாண்டி, மூச்சிரைக்க மலையேறி, நேராகக் கோவில் வாசலுக்கு வந்தார். அப்படி ஒரு காட்சியை எங்கள் தோட்டம் அதுவரை கண்டதில்லை. பெரட்டை விட்டுவிட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத இலட்சுமி உறையை வாங்கி, எழுத்தை விரலால் தடவினாள்.

“இதுல ஒம் பேரு எங்க இருக்கு?”

“இந்தா. அம்மன் பேருக்கு மேல.”

“கீழ இருக்கிறது?”

“அது நம்ம எடம்மா. நம்பர், தோட்டம், ஊரு.”

இலட்சுமி அந்த வரியைத் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டு, மழை தூறுகிறது என்றுகூடப் பாராமல் நின்றாள். மூக்கையா வந்து குடை பிடித்தார்.

கை கொப்பளித்தது சத்தியம்; மற்றது எல்லாம் நடந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்கும் முகவரி கிடையாது.