பிரிஜட்டின் இடது கால்

"மேனுவல் கியர் லாரி ஓட்டத் தெரியுமா உனக்கு?" என்று சுந்தரம் கேட்டது ஆறு வருடத்துக்கு முன்னால்.

"கிளாஸ் த்ரீ லைசென்ஸ் இருக்கு பாஸ். சர்ச் வேன்கூட மேனுவல்தான். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் பெரியவங்களை நான்தான் ஏத்திட்டு வருவேன்."

"அது வேற லா. வேன்ல ஆளுங்க உட்கார்ந்திருப்பாங்க. லாரியில சாம்பார் நிக்கும்."

"சாம்பார் திட்டாது பாஸ். எங்க பெரியவங்க திட்டுவாங்க."

அவர் சிரித்துவிட்டார். "சரி, டிரைவர் கால் குணமாகுற வரைக்கும் ஓட்டு."

கால் குணமான டிரைவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். சிங்கப்பூர் ஜாலான் புசாரில் இருந்த சுந்தரத்தின் கேட்டரிங் சமையல்கூடத்துக்கு வெங்காயம் நறுக்க வந்த பிரிஜட், அன்று ஏறிய லாரியை விட்டு இறங்கவே இல்லை. ஆனாலும் அவளுடைய வேலைக் கடிதத்தில் இன்றுவரை 'கிச்சன் ஹெல்பர்' என்றே இருந்தது. மதிய டெலிவரி முடிந்து திரும்பியதும் கத்தியை எடுத்து மறுநாளைக்கான வெங்காயத்தின் முன் உட்கார வேண்டும். கடிதத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று சிராங்கூன் சாலையின் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். பச்சை விழுந்ததும் கியரைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள்.

சிவப்பில் நின்றால் நியூட்ரல், ஹேண்ட்பிரேக், இடது கால் தரையில். அதுதான் அவள் வழக்கம். மேட்டில் ஏற வேண்டுமென்றால், வண்டி முன்னால் இழுக்கத் தவிப்பது காலுக்குத் தெரிந்த பிறகுதான் ஹேண்ட்பிரேக்கை விடுவாள். பின்னால் அடுக்கிய ரசப் பாத்திரத்தின் மூடிகூட நகராது. பந்தி பரிமாறுகிறவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்கு உள்ளம் குளிரும்.

வியாழக்கிழமை உடம்பு சரியில்லை என்று நிதீஷ் எம்.சி. எடுத்துவிட்டான். சுந்தரத்தின் அக்கா மகன், இரண்டாவது லாரியின் டிரைவர். அவன் லாரியை பிரிஜட் எடுத்துக்கொண்டு பாசிர் ரிஸ் போனாள். அங்கே கார்நிறுத்த மேட்டின் பாதியில் எஞ்சின் கத்தியது, வண்டி ஏறவில்லை. தீய்ந்த வாடை வந்தது. பிரேக்கைப் பிடித்துப் பிடித்துப் பின்னாலேயே இறக்கி ஓரங்கட்டினாள். இருநூறு பேர் சாப்பாட்டைத் தள்ளுவண்டியில் ஏற்றி, லிஃப்டில் நான்கு நடை கொண்டு போனாள். பந்தி சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது.

"ஒரே நாள்ல கிளட்சை எரிச்சிட்டியே. திங்கட்கிழமையிலேருந்து கிச்சன்லயே இரு. வேற ஆள் பார்த்துக்கறேன்," என்றார் சுந்தரம் போனில்.

இன்று சனிக்கிழமை. தன்னுடைய பழைய லாரியையும் சர்வீசுக்கு ஒப்படைத்துவிட்டு, காக்கி புக்கிட் பட்டறை வாசலில் அவள் நின்றிருந்தாள். சுந்தரமும் நிதீஷும் நாற்காலியில் இருந்தார்கள். மெக்கானிக் அப்துல் காதர், கழற்றிய கிளட்ச் பிளேட்டைப் பழைய துணியில் ஏந்திக்கொண்டு வந்தார். ஓரமெல்லாம் கருகி, நடுவே ஆணிகள் தெரிந்தன.

"இது ஒரு நாள் வேலை இல்ல முதலாளி," என்றார். "பேரிங்கும் தேஞ்சு போச்சு. எந்நேரமும் பெடல்ல காலை வெச்சே ஓட்டியிருக்காங்க. மேட்டுல ஹாஃப் கிளட்ச்லயே வண்டியைத் தொங்க விட்டிருக்காங்க. மாசக்கணக்கா."

"ஜாம்ல சும்மா காலை வெச்சிருப்பேன். அதுக்குமா?" என்றான் நிதீஷ்.

"காலுக்கு ரெஸ்ட் வேணும்னா தரையில வை பா," என்றாள் பிரிஜட்.

அப்துல் காதர் சிரித்தார். "இந்தம்மா லாரிக்கு நான்தான் பிளேட் போட்டேன். அஞ்சு வருஷமாச்சு. ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர். இன்னும் கை வைக்கல. இப்பக்கூட ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி ஏறுது."

பிரிஜட் பட்டறைக்குள் நின்ற தன் லாரியைப் பார்த்தாள். முகத்தை ஒன்றும் தெரியாததுபோல் வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை.

சுந்தரம் தொண்டையைச் செருமினார். "சரி லா, நீயே ஓட்டு. இவனுக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடு. வந்து வெங்காயத்தையும் பார்த்துக்க, நாளைக்குப் பெரிய ஆர்டர்."

அப்துல் காதர் மேசைமேல் சர்வீஸ் தாளை விரித்தார். "பழைய லாரிக்கு எழுதிடறேன். டிரைவர் பேரு?"

பிரிஜட் வாய் திறக்குமுன் சுந்தரம் சொன்னார்: "நிதீஷ்னே போடுங்க பாய். எங்க ரெக்கார்டுல டிரைவர்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

பேனா முதல் எழுத்தை எழுதி முடித்திருந்தது.

"பாய், கொஞ்சம் இருங்க," என்றாள் பிரிஜட். பேனா நின்றது. அவள் சுந்தரத்தின் பக்கம் திரும்பினாள்.

"அந்த லாரியை ஆறு வருஷமா ஓட்டறது நான் பாஸ். என் லெட்டர்ல டிரைவர்னு மாத்திக் கொடுங்க."