அண்ணன் தூங்கும்போது ஓடாத ஃபேன்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது. மாலை வகுப்பில் ‘வீட்டுக்குள் காற்று’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். எக்ஸாஸ்ட் ஃபேனின் நன்மைகளை வரிசையாக எழுதினேன்: சமையல் புகையை வெளியேற்றும், சுவரில் ஈரம் தங்கவிடாது, கண்ணுக்குத் தெரியாத நெடியையும் இழுத்துப்போகும், எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் நல்ல காற்று உள்ளே வரும்.

எல்லாம் சரிதான். ஆனால் எங்கள் வீட்டு ஃபேன் பகலில் ஓடுவதே இல்லை. அதைச் சொல்லக் கட்டுரையில் இடமில்லை. கதைக்கு வந்தேன்.

2

முதல் வரி: ‘அவளுக்கு மூச்சு முட்டியது.’

(அடித்துவிட்டேன். அண்ணி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. “தலை லேசா கனக்குது” என்பார், அவ்வளவுதான்.)

மறுபடியும். அண்ணி அடுப்படியில் உட்கார்ந்து, கூலிக்குச் செருப்புகளுக்கு அடிப்பாகம் ஒட்டுகிறார். பக்கத்து அறையில், இரவு வேலை முடித்து வந்த அண்ணன் தூங்குகிறார். நடுவே ஒரு பலகைத் தடுப்பு. ஃபேன் ஓடினால் தடுப்பு அதிரும். அதனால் அண்ணி, அண்ணனுக்காக,

(இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் அண்ணன் வில்லனாகிவிடுகிறார். அவர் அணைக்கச் சொன்னதே இல்லை. அது அணைந்து கிடப்பதுகூட அவருக்குத் தெரியாது.)

3

பேச்சைக் கேட்டது கேட்டபடியே எழுதிவிடுகிறேன்.

“ஃபேனைப் போடுங்க அண்ணி.”

“சமையல்தான் முடிஞ்சுதே, புகை எங்கே இருக்கு?”

“பசை நெடி தெருமுனை வரைக்கும் வருது.”

“உனக்கு நாய் மூக்குடி. மெதுவாப் பேசு. இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்னு சொல்லித்தானே உங்க அண்ணனை என் தலையில கட்டினீங்க? இப்போ ஈ பறந்தாலும் முழிச்சுக்கிறார்.”

சிரித்துக்கொண்டே எழுந்தவர், சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது. கண்கள் மட்டும் சொருகின.

4

முடிவுகள்.

அண்ணி மயங்கி விழுகிறார், அண்ணன் ஓடி வருகிறார். (எழுத எளிது. ஒரு ஃபேன் ஓடுவதற்கு ஒருத்தர் விழ வேண்டுமா? மாட்டேன்.)

அண்ணி திருந்துகிறார். (பிரியத்திலிருந்து ஒருவர் எப்படித் திருந்துவது?)

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை, செய்துவிட்டேன். ஜன்னலைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். ஃபேன் உறுமியது. தடுப்பு கடகடவென்று ஆடியது.

“அடிப்பாவி, அணைடி!”

அண்ணி கையை நீட்டினார். சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றேன். ஜன்னல் வழியே காற்று புகுந்தது. அண்ணி இன்னொரு முறை திட்ட வாயைத் திறந்தார். திட்டு வரவில்லை, நீளமாக ஒரு மூச்சுத்தான் போயிற்று உள்ளே.

அடுத்த அறையில் கட்டில் கிரீச்சிட்டது.

5

அண்ணன் கதவைத் திறக்கிறார். இதற்கு மேல் எழுத எனக்குத் துணிவில்லை. “யாரு இதைப் போட்டது?” என்பாரா, “இத்தனை நாளா ஏன் போடல?” என்பாரா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் அவர் குரலில் பொருந்துகின்றன. அதுதான் பயமாக இருக்கிறது.

அண்ணி கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் காதில் எது விழ வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

அதுவரை ஃபேன் ஓடட்டும்.