பேச்சுத்துணை

பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு என்ற பெயரைக் கேட்டதுமே பாதி மாணவர்கள் வேறு பாடத்துக்கு ஓடிவிடுவார்கள். மிஞ்சுகிறவர்களை வைத்துக்கொண்டு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு எப்படித் துணையாக இருப்பது என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்து வந்தார் அந்த விரிவுரையாளர். ஐம்பதைத் தாண்டியவர். கரகரத்த குரல். தான் சிரிக்காமலே வகுப்பைச் சிரிக்கவைக்கிற பழக்கம் அவருக்கு உண்டு.

"ஒரு குழந்தை தரையில விழுந்து புரளுது. ஏன்?"

"பிடிவாதம் மேடம்" என்றான் நெட்டை. காலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கடைசி வரிசையில் தவிக்கிறவன்.

"பிடிவாதம்கிறது நீ வெச்ச பேரு. காரணம் இல்லை. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அதனால குழந்தைக்கு என்ன கிடைச்சுதுன்னு பாரு. ஏதாவது சாமான் வேணும்னு இருக்கலாம். செய்யச் சொன்ன வேலையில இருந்து தப்பிக்க இருக்கலாம். யாராவது தன்னைத் திரும்பிப் பார்க்கணும்னு இருக்கலாம். சில சமயம் அப்படிச் செய்யறதே உடம்புக்கு இதமா இருக்கும்."

"சில குழந்தைங்க கையை ஆட்டிக்கிட்டே இருக்காங்களே மேடம், அதை நிறுத்தணுமா?" கேட்டவள் கேள்விக்குறி. எதையும் கேட்காமல் விடமாட்டாள் என்பதால் மற்றவர்கள் வைத்த பெயர். அவளுக்கே அது பிடித்துப்போயிருந்தது.

"யாருக்காவது வலிக்குதா? இல்லைல்ல? அப்புறம் உனக்கென்ன வந்துச்சு? ஆட்டிட்டுப் போகட்டும்."

அந்தப் பருவத்தில் மாணவர்களின் செய்முறைப் பயிற்சிக்கு ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். அம்மா அவளைப் பாப்பா என்றாள். மாணவர்களுக்கும் அவள் பாப்பாவானாள். பேச்சு இன்னும் வரவில்லை. துறையின் பயிற்சி அறையில் மரக்கட்டைகளை நிறம் நிறமாக அடுக்கிக்கொண்டு சமர்த்தாகவே இருந்தாள். வீட்டில்தான் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வாள். அந்த இடத்தில் தோல் தடித்துக் கறுத்திருந்தது.

அம்மா ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். கணவன் தொலைதூர லாரி ஓட்டுநர். வீட்டில் இருக்கிற நாட்களைவிடச் சாலையில் இருக்கிற நாட்களே அதிகம். முதல் வாரம் அவள் விரிவுரையாளரைப் போனில் அழைத்தது, தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் பாப்பா கத்துகிறாளே, என்ன செய்வது என்று கேட்கத்தான். அடுத்த நாள், அவர் சொன்னபடி செய்தேன், சரியாக வந்தது என்று சொல்ல. அதற்கடுத்த நாள் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அழைத்தாள்.

"தொந்தரவு பண்றேனா மேடம்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. சொல்லுங்க."

உண்மையில் அவர் அந்த அழைப்புக்காகப் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா இறந்த பிறகு அந்த மூன்றாம் மாடி வீட்டில் அவர் மட்டும்தான். தங்கை வெளிநாட்டில். பேசும்போதெல்லாம் "அக்கா, அப்புறமா கூப்பிடறேன்" என்று முடிப்பாள். அந்த அப்புறம் வரச் சில வாரங்கள் ஆகும். கல்லூரி விட்டு வந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்த செருப்பு வைத்த இடத்திலேயே கிடக்கும். குடித்த கோப்பை அதே மேசையில். கலைத்துப்போட ஆளில்லாத வீடு.

மேடம் எப்போது அக்காவானார் என்று இருவருக்குமே தெரியாது. மாலையானால் போன் ஒலிக்கும். கடையில் யாரோ விலை உயர்ந்த சட்டையைச் சுருக்கிவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது, மாடி வீட்டுக்காரியின் வாய், லாரிக்காரரின் முதுகுவலி என்று பேச்சு எங்கெங்கோ போகும். விரிவுரையாளரும் வகுப்புக் கதைகளை அவிழ்த்துவிடுவார். நடுவில் பாப்பாவின் அழுகை கேட்கும். "ஒரு நிமிஷம்க்கா" என்று போனைக் கீழே வைத்துவிட்டு அம்மா ஓடுவாள். விரிவுரையாளர் காத்திருப்பார். அழுகை அடங்கும். "ம், எங்க விட்டோம்?" என்று திரும்பி வருவாள். விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

பயிற்சியின் ஒரு பகுதியாகக் கேள்விக்குறியும் நெட்டையும் ஒரு மாலை பாப்பாவின் வீட்டுக்குப் போய், ஓரமாக உட்கார்ந்து கவனித்துவிட்டு வந்தார்கள். மறுநாள் வகுப்பில் அதை ஒப்பிக்கவேண்டும். இருவரும் என்னமோ துப்பறிந்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"சாயங்காலம் முழுக்க நல்லாத்தான் இருந்தா மேடம்" என்றாள் கேள்விக்குறி. "அம்மா சமைக்கும்போது பக்கத்துல உட்கார்ந்து ஸ்பூனை எல்லாம் வரிசையா வெச்சா. அப்புறம் அம்மா போனை எடுத்தாங்க. கொஞ்ச நேரம் அவங்க முந்தானையைப் பிடிச்சு இழுத்தா. அவங்க கவனிக்கலை. கையைக் கடிச்சுக்கிட்டு அழுதா. உடனே போனை வெச்சிட்டு ஓடிவந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. அவ அடங்கினதும் மறுபடி போன். மறுபடி கடி."

"அவ்வளவுதான் மேடம். கடிச்சா அம்மா கிடைப்பாங்க" என்றான் நெட்டை. "அந்தப் பக்கம் யாருன்னு தெரியலை. தினமும் பேசுவாங்களாம். அந்தப் பொம்பளைக்கு வேற வேலையே இல்லை போல, பிளேடு போட்டுத் தள்ளுது."

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

விரிவுரையாளருக்கு முகம் சூடேறியது. நேற்று மாலை அந்த அழுகையைத் தன் காதாலேயே கேட்டிருந்தார். ஒருதரம் அல்ல. மாணவர்கள் வந்திருப்பதை அம்மா சொல்லியிருந்தாள். அப்படியும் இருவரும் பேச்சை நிறுத்தவில்லை. இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்த பாடம் போனின் அந்த முனையில் நடந்துகொண்டிருந்தது. இந்த முனையில் அவர் எப்போது அழுகை அடங்கும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொம்பளை நான்தான்."

சிரிப்பு பாதியில் நின்றது. நெட்டை இருந்த உயரத்தில் பாதியாகக் குறைந்துபோனான். "மேடம், நான் வந்து..."

"நீ சரியாத்தான் பார்த்திருக்கே. உட்காரு. இப்ப என்ன செய்யலாம்னு யோசிங்க."

கேள்விக்குறிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அவ முதல்ல முந்தானையைத்தானே மேடம் இழுத்தா? கேட்கத்தான் செஞ்சா. யாருக்கும் புரியலை. அதனால, அம்மா கையைத் தொட்டா அம்மா உடனே திரும்புவாங்கன்னு அவளுக்குச் சொல்லித் தரலாம். தொட்ட அந்த நொடியே திரும்பணும். அதுவரைக்கும்..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

"அதுவரைக்கும் போன் வேண்டாம்" என்று விரிவுரையாளரே முடித்தார்.

அன்று பயிற்சி அறை வாசலில் அம்மாவைத் தனியாக அழைத்துச் சொன்னபோது அவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். "நாள் முழுக்க ஆவியிலயும் சூட்டிலயும் வெந்துட்டு வரேன். அந்த அரை மணி நேரம்தான்க்கா எனக்குன்னு இருந்துச்சு. அதனாலயா என் பொண்ணு கையைக் கடிச்சுக்கிட்டா?"

"உன் மேல தப்பு இல்லை. எனக்குத்தான் முதல்லயே தெரிஞ்சிருக்கணும்."

"அப்ப நாம பேசக் கூடாதா?"

"கொஞ்ச நாளைக்கு வேண்டாம்" என்றார். அதைச் சொல்லும்போது குரல் இன்னும் கரகரத்தது.

மாணவர்கள் முறை வைத்து வேலை செய்தார்கள். அம்மா வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒருவர் பாப்பாவின் கையை மெல்லப் பிடித்து அம்மாவின் கைமேல் வைப்பார். அம்மா அந்த நொடியே திரும்பி, "என்னடா கண்ணு?" என்று அவளை மடியில் தூக்கிக்கொள்வாள். பிறகு கையைப் பிடிக்காமல் முழங்கையை மட்டும் லேசாகத் தொட்டார்கள். பிறகு அதுவும் இல்லை. பாப்பா தானாகவே போய் அம்மாவின் புறங்கையில் விரலை வைத்த அன்று, பயிற்சி அறைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்த நெட்டை துள்ளிய துள்ளலில் தலை விளக்கில் இடித்தது.

மாலைகளில் விரிவுரையாளரின் வீடு ஓசையின்றிக் கிடந்தது. ஒரு முட்டையைப் பொரித்துச் சாப்பிட்டார். திருத்திய தாள்களை மறுபடி எடுத்துத் திருத்தினார். வானொலியைப் போட்டார், கேட்கிறவருக்குப் பதில் சொல்லாத குரல் எரிச்சலூட்டியது, அணைத்தார். போன் ஒலித்த மாதிரி இருக்கும். எடுத்துப் பார்த்தால் ஒன்றுமிருக்காது. தங்கையை ஒருமுறை அழைத்தார். "கூட்டத்துல இருக்கேன்க்கா, அவசரமா?" என்றாள். அவசரம் இல்லை என்று சொல்லி வைத்தார்.

பாப்பாவின் மணிக்கட்டில் புதிதாகப் பல்தடம் விழாமல் சில வாரங்கள் போயின. இனி உண்மையான போன் பேச்சின் நடுவே அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்கவேண்டும் என்றார்கள் மாணவர்கள். அம்மா யாரை அழைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. குறித்த மாலையில் விரிவுரையாளர் தலையை வாரிக்கொண்டு போனின் முன் உட்கார்ந்தார். யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும் வாரிக்கொண்டார்.

ஒலித்ததுமே எடுத்தார்.

"அக்கா! எப்படி இருக்கீங்க? சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ? கடையில என்ன சேதி?"

"அதை ஏன் கேட்கறீங்க! முதலாளி மக கல்யாணத்துக்குத் தெச்ச துணி வந்துச்சு, அதுல..." பேச்சு சட்டென்று நின்றது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் குரல் தழுதழுத்தது. "அக்கா, தொட்டுட்டா. என் கையைத் தொட்டுட்டு நிக்கறா. வெச்சிடறேன்க்கா."

"வை, வை. போ" என்றார். அதற்குள் இணைப்பு அறுந்திருந்தது.

எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். கண் நிறைந்துவிட்டது. இதைவிட நல்ல சேதி இந்த ஆண்டில் அவருக்கு வந்ததில்லை. உடனே யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. சொல்லக்கூடிய ஒருத்தி இப்போது மகளை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள்.

ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிர்க் கட்டடத்தில் யாரோ போர்வையை உதறிக்கொண்டிருந்தார்கள். அவர் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து, நாளை வகுப்பில் சொல்லப்போவதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தார்.

"நேத்து சாயங்காலம் பாப்பாவோட அம்மா எனக்குப் போன் பண்ணாங்க. ஒரு நிமிஷம்கூடப் பேசலை..."